பக்கத்து வீட்டு விலை

தணிகாசலம் இறந்த செய்தியைத் தொலைபேசியில் எனக்குச் சொன்னவர் மாரி. ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாரி, சாவுச் செய்தியையும் கிரிக்கெட் ஸ்கோரையும் ஒரே குரலில் சொல்லக்கூடியவர். "டீச்சரம்மா, நம்ம கடக்காரரு காலையில தவறிட்டாரு. சாய்ந்தரம் எடுக்குறாங்கோ. மால வாங்கினு வந்துடுங்கோ" என்றார். கல்லூரியில் பொருளாதாரத் துறைக்குத் தலைமை வகித்த என்னை டீச்சரம்மா என்று முதலில் அழைத்தவர் தணிகாசலம். பேராசிரியர் என்று சொல்ல அவருக்கு வாய் வராமல் இல்லை, மனம் வரவில்லை. தொழிற்சாலைக் குடியிருப்பு முழுவதும் அவரைப் பின்பற்றியது. அவர் விற்ற மற்ற பொருள்களைப் போலவே இந்தப் பெயரும் விலை போனது.

இந்தக் குடியிருப்பு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டார்கள். இறந்துபோனதாலேயே ஒருவர் நல்லவராகிவிடுகிறார் என்ற வழக்கத்தில் எனக்கு ஒருபோதும் நம்பிக்கை இருந்ததில்லை. இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அவரிடம் ஏமாந்தவர்கள். மீதிப் பேர் ஏமாந்தது இன்னும் தெரியாதவர்கள். ஆகவே அவரை அறிந்தவர்களுக்குத்தான் எழுதுகிறேன். ஆறுதல் வேண்டுபவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

கடை வைப்பதற்கு முன்பு தணிகாசலம் தொழிற்சாலையின் கருவிக் கிடங்கில் இருந்தார். ஸ்பேனர் வாங்க வருகிறவர்களின் பதவியும் படியும் குடியிருப்பு வகையும் அவருக்கு மனப்பாடம். உடம்பு சரியில்லை என்று முன்கூட்டியே ஓய்வு பெற்றுக்கொண்டு, பக்கத்துச் சேக்காட்டில் தொலைக்காட்சி விற்கும் கடை திறந்தார். அந்த உடம்பு அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் கல்லாப்பெட்டியின் முன் அசையாமல் உட்கார்ந்திருந்தது. என் இஸ்திரிப் பெட்டி அடிக்கடி பழுதாகும். அவர் பழுது பார்த்த பிறகு அது இன்னும் அடிக்கடி பழுதாயிற்று. எங்கள் பழக்கம் அப்படித்தான் வளர்ந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் வீடியோ கேம் விற்க ஆரம்பித்தார். தொலைக்காட்சியோடு இணைக்கும் வெள்ளை நிறப் பிளாஸ்டிக் பெட்டி. இரண்டு பக்கமும் வயரில் தொங்கும் பொத்தான்கள். மேலே செருக ஒரு கேசட். அட்டையில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். உண்மையில் ஏழெட்டு ஆட்டங்கள்தாம், வேறு வேறு நிறத்தில் திரும்பத் திரும்ப வரும். சுவரில் பந்து அடிப்பது, ஒரு குள்ளன் பள்ளத்தைத் தாண்டுவது. இதற்காகத்தான் படித்தவர்களும் படிக்காதவர்களும் ஆயுத பூஜை போனஸை அப்படியே கொண்டுவந்து கொட்டினார்கள். பாரிமுனையில் மொத்தமாக எடுத்துவரும் பெட்டிக்குக் கடையில் விலைச் சீட்டு ஒட்டுவதில்லை என்பது தணிகாசலத்தின் நடைமுறை. காரணம் கேட்டேன். "சாமானுக்கு இன்னா வெல கீது டீச்சரம்மா? ஊட்டுக்குத்தான் வெல" என்றார்.

அவர் சொன்னதன் பொருளை அதே வாரம் கண்ணால் கண்டேன். வாங்க வருகிறவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, எந்த டைப் குவார்ட்டர்ஸ் என்பது. ஆகச் சிறிய வீடான டைப் ஒன்றில் இருப்பவருக்கு ஒரு விலை, டைப் இரண்டுக்கு அதைவிடக் கூடுதல், டைப் மூன்றுக்கு இன்னும் கூடுதல். பெட்டி ஒன்றேதான். இரண்டாம் கேள்வி, பக்கத்து வீட்டில் எவ்வளவு என்று சொன்னார்கள் என்பது. வந்தவர் ஒரு தொகையைச் சொல்வார். தணிகாசலம் அவர் முகத்தை ஒரு கணம் பார்ப்பார். அந்தத் தொகைக்கு மேலே கொஞ்சம் வைத்துத் தம் விலையைச் சொல்வார். வந்தவர் பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டு போவார். குறைத்துக் கேட்க வாய் திறந்த சிலரையும் உடன் வந்த மனைவிமார் கையைப் பிடித்து அடக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில் என் மாணவியரை அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் அனுப்பி, இத்தகைய பெட்டிக்கு எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறீர்கள் என்று வீடு வீடாகக் கேட்கச் செய்தேன். ஏறக்குறைய அத்தனை வீட்டிலும் அற்பத் தொகையைச் சொன்னார்கள். பூந்தமல்லியில் ஒரு வீட்டார், வருமான வரிக்காரர்கள் அனுப்பிய பெண்கள் என்று எண்ணி, தங்களிடம் தொலைக்காட்சியே கிடையாது என்றார்களாம். உள்ளே அது ஓடிக்கொண்டிருந்தது. அதே வீட்டார் தீபாவளிக்குள் தணிகாசலத்திடம் வந்து, மற்றவர்கள் சொன்ன தொகையைப் போல மூன்று மடங்கு கொடுத்து வாங்கிச் சென்றார்கள். எனக்கு வியப்பு ஏற்படவில்லை. விலை ஏறினால் தேவை குறையும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் கோடு வரைந்தவள் நான். அந்தக் கோடு ஆவடி ரயில் நிலையத்தைத் தாண்டாது என்பது ஆவடியில் குடியிருந்த எனக்குத் தெரியாதா? நீங்கள் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று ஒருமுறை தணிகாசலம் என்னையே கேட்டார். வாங்குவதற்குக் காலணா தரமாட்டேன், மேல்வீட்டில் ஓயாமல் கத்தும் பெட்டியை அப்புறப்படுத்துவதானால் யோசிக்கலாம் என்றேன். "அதுக்கும் ஒரு வெல சொல்லுங்கோ" என்றார், சிரிக்காமல்.

அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மாரியின் விவகாரம். மாரிக்கு அப்போது டைப் ஒன்று வீடு. அவருடைய மச்சான் வானகரத்தில் நிலத்தை மனை போட்டு விற்றுப் புதுப் பணக்காரர் ஆகியிருந்தார். தீபாவளிக்குச் சில நாள் முன்பு வந்த மச்சான், இந்த ஊட்ல ஒரு வீடியோ கேம் கூட இல்லியா மாமே என்று கேட்டுவிட்டார். பண்டிகை நெருக்கத்தில் சரக்கு அருகிவிட்டது. கடையில் எஞ்சியிருந்த ஒரே பெட்டியைத் தணிகாசலம் சொன்ன விலைக்கு மாரி வாங்கினார். அது மேல் டைப் வீட்டில் இருந்த அவருடைய ஃபோர்மேன் சங்கரலிங்கம் கொடுத்ததைவிடக் கூடுதல் என்பது அவருக்குத் தெரியாது. தணிகாசலத்துக்குத் தெரியும். கீழ் டைப்புக்குக் கீழ் விலை என்ற தம் நடைமுறையைத் தாமே மீறிய ஒரே முறை அது. பேராசைதான், வேறொன்றும் இல்லை.

மாரியின் மனைவி ரேஷன் வரிசையில் விலையை அறிவித்தார். சங்கரலிங்கத்தின் மனைவி அதே வரிசையில் நின்றார். அடுத்த ஞாயிறு ஃபோர்மேன் எழுதிய ஓவர்டைம் பட்டியலில் மாரியின் பெயர் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. ஓவர்டைம் நின்றால் மாரியின் வீட்டில் மாதத்தின் கடைசி வாரம் அடுப்பு எரியாது. இது தெரிந்தேதான் மாரி போனஸ் முழுவதையும் பிளாஸ்டிக்கில் போட்டிருந்தார்.

நான் இஸ்திரிப் பெட்டிக்காகக் காத்திருந்த ஒரு மாலையில் மாரி கடைக்கு வந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. குறைந்த விலைக்கு ஒரு பில் எழுதிக் கொடுக்கும்படி கேட்டார். "ஃபோர்மேனாண்ட காட்டிட்டா உட்டுடுவாரு அண்ணாத்தே. புள்ள குட்டிக்காரன் நானு." பில் எதற்கு, கம்மி விலைக்குத்தான் வாங்கினேன் என்று வாயால் சொன்னால் போதாதா என்றார் தணிகாசலம். மாரி தலையைக் குனிந்துகொண்டு, மச்சான் காதுக்குப் போய்விடுமே என்றார். அடுப்பு அணைகிற நேரத்திலும் விலையைக் குறைத்துச் சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. இவர்களுக்கெல்லாம் ஓட்டுரிமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் சங்கரலிங்கத்தின் ஸ்கூட்டர் வாசலில் நின்றது. தணிகாசலம் மாரியைத் தொலைக்காட்சி அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்காரும்படி உட்கார்ந்த இடத்திலிருந்தே கை காட்டினார். ஃபோர்மேன் திருநெல்வேலிக்காரர். என்னைக் கண்டு வணக்கம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "எனக்குக் கொடுத்தது மட்டமான சரக்கா வே? என் கீழ வேலை பாக்கிறவன் வீட்ல இருக்கது ஒசத்தியோ?"

தணிகாசலம் எழுந்து நின்றார். கல்லாவை விட்டு அவர் எழுந்ததை அன்றுதான் பார்த்தேன். "தப்பு என்னுதுதான் சார். உங்களுக்குப் போய் வெலய கொறச்சிப் போட்டேனே, அது மரியாத இல்ல. அப்பவே மனசு கேக்கல."

சங்கரலிங்கம் பர்ஸை எடுத்தார். இரண்டு மாதமாகத் தம் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பெட்டிக்கு, மாரி கொடுத்ததைவிட ஒரு நூறு மேலே வரும்படி மீதியை எண்ணி வைத்தார். புதிய பில் வாங்கிக்கொண்டார். பதிலுக்கு ஒரு கேசட் கூட அவர் கேட்கவில்லை. அவர் போனதும் தணிகாசலம் அந்தப் பணத்தில் பாதியை மாரியின் சட்டைப் பையில் செருகினார். மீதிப் பாதி எதற்கு என்று கேட்டேன். மூளைக்குக் கூலி என்றார். பிறகு மாரியிடம் சொன்னார்: "குவார்ட்டர்ஸ்ல கொறச்சிச் சொல்லு, வானகரத்துல கூட்டிச் சொல்லு. ரெண்டு ஊருக்கும் நடுவுல யாரும் வெல கேக்க வர மாட்டான் நைனா." வந்த ஞாயிறு மாரிக்கு ஓவர்டைம் கிடைத்தது.

இதை அவருடைய நல்ல மனதுக்குச் சான்றாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தாம் கிளப்பிய தீயைத் தாமே அணைத்து, அதற்கும் கூலி எடுத்துக்கொண்டார். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அக்கம்பக்கத்துக்குக் காட்ட வாங்கியவர்கள் எல்லாரும் குழந்தைகளுக்காக என்று சொன்னார்கள். விற்றவர் ஒருவர்தான் அப்படி ஒரு பொய்யைச் சொல்லவில்லை.

இறுதிச் சடங்குக்கு நான் ஆவடி நிலையத்து வாசலில் ஒரு சாமந்தி மாலை வாங்கிக்கொண்டு போனேன். மிகச் சிறியது, அதற்கு மேல் செலவழித்திருந்தால் தணிகாசலமே என்னைக் கேலி செய்திருப்பார். சங்கரலிங்கம் மருமகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். கையில் ரோஜா மாலை. அவருக்கு முதுமை வந்திருந்ததே தவிர வேறெதுவும் வரவில்லை. என் மாலையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு கொடுத்தீங்கம்மா?" என்றார்.

தணிகாசலத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று: விலையைச் சொல்வதற்கு முன்னால் எதிரே நிற்பவரின் முகத்தை ஒரு கணம் பார்ப்பது. பார்த்தேன். கொடுத்ததைப் போல ஐந்து மடங்கு சொன்னேன். அவர் தம் ரோஜாவைக் குனிந்து நோக்கினார். மருமகனின் காதில் ஏதோ சொன்னார். கால் மணி நேரத்தில் தேர் வடம் போல ஒரு மாலை வந்து சேர்ந்தது. அதைச் சாத்தியபோது தணிகாசலத்தின் முகமே மறைந்துவிட்டது. மாரிதான் போய்ப் பூவை விலக்கிவிட்டார்.

இறந்தவர் அதை ரசித்திருப்பார். ஒரே குறை, மூளைக் கூலியாக அவருக்குச் சேர வேண்டிய பாதியை அவரிடம் கொடுக்க வழியில்லை.