என் நெஞ்சுச் சளியும் மாமியின் படிக்கமும்

மாமி வெற்றிலை துப்பும் பித்தளைப் படிக்கத்துக்குள் குனிந்து பார்த்தபடி, நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கிறேன் என்று நம்பிய காலம் ஒன்று உண்டு. இருமினால் வரும் சளி, என் சுவாசப்பையின் துண்டுகள்தாம் என்பது என் முடிவு. துப்பத் துப்ப நெஞ்சு குறையும். கடைசியில் சட்டை மட்டும் கொடியில் தொங்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூச்சிழுப்பால் படுக்க முடியாமல் குந்தியிருக்கும் முட்டு வருத்தக்காரனுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். முட்டாள்தனத்துக்கு அது போதும்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சற்று முந்திய காலம். களுதாவளையில் கலியாணம் செய்து, எங்கள் பக்க வழக்கப்படி பெண் வீட்டிலேயே குடியேறியிருந்தேன். வாவிக்கு அப்பால் வயல் வட்டையில் அறுத்த நெல்லை மாடு கட்டிச் சூடு மிதிக்கும் பருவம். மாடுகள் சுற்றச் சுற்றக் கிளம்பும் நெல் தூசு நெஞ்சுக்குள் போய்ச் சளியாகக் கட்டிக்கொள்ளும். தோணியில் வாவியைக் கடந்து வீடு சேர்வதற்குள் மூச்சு பூனைக்குட்டிபோலக் கத்தும். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. இருமித் துப்புகிறவனைக் கண்டால் ஊர் "கசம்" என்றுதான் சொல்லும். காசநோய்க்காரனுக்குத் தனிக் கோப்பை, தனிக் கொட்டில். மாப்பிள்ளை என்றால் தாய் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். புது மனைவியை விட்டுப் போக எனக்கு மனமில்லை. ஆகவே இருமலை அடக்கினேன். தொண்டைவரை வந்ததை உள்ளே தள்ளினேன். தண்ணீர் குடித்தால் சளி பெருகும் என்று தண்ணீரையும் குறைத்தேன். சளி பிசினாக இறுகியது.

அடக்க முடியாமல் போனபோது ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன்: வெற்றிலை. வெற்றிலை போடுகிறவன் துப்பினால் ஏன் என்று யார் கேட்பார்? மாமி கேட்டார், ஆனால் என்னிடம் இல்லை. மருமகனோடு நேரே பேசுவது அவருக்கு வழக்கமில்லை. நான் பக்கத்தில் நின்றாலும் மகளிடம்தான் சொல்வார்.

"இஞ்ச புள்ள, உன்ட புரிசன் ஆடு மாதிரி மெல்லுறாரே, வயல்ல சோறு குடுக்கல்லையாமா?"

ஒரு காலையில் இருமல் கட்டுக்கடங்காமல் வந்தது. ஓடிப்போய்ப் படிக்கத்தில் துப்பினேன். சிவப்பு! கடைவாயில் அப்போதும் வெற்றிலைச் சக்கை ஒதுங்கியிருந்தது. பயந்தவனுக்குத் தன் வாயில் இருப்பதே தெரியாது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நெஞ்சு கரைஞ்சி வருது புள்ள. கசம்தான். நான் போறன். நீ வேற ஒருத்தனப் பாரு."

பெருந்தன்மையாகச் சொல்லி முடித்ததும் மூச்சு உண்மையாகவே அடைத்துக்கொண்டது. பகிடி, வேடிக்கையெல்லாம் அதோடு போயிற்று. உள்ளே இழுத்தது உள்ளேயே நின்றது. வெளியே விட வழியில்லை. உதடு நீலம் பாரித்ததாக மனைவி பிறகு சொன்னாள்.

மாமி வந்து படிக்கத்தை எட்டிப் பார்த்தார். "கசமா இது? வெத்திலையும் சுண்ணாம்பும்! அவர நெல்லு மூடையில சாய்ச்சி இருத்து புள்ள."

மூடையைக் கட்டிப்பிடித்து முன்னுக்குச் சாய்ந்தேன். இஞ்சியும் கொத்தமல்லியும் கொதித்த சுடுநீர் வந்தது. மிடறு மிடறாக இறக்கினேன். மனைவி முதுகில் தட்டினாள்.

"என்ன புள்ள, தாலாட்டுறியா? கையக் குவிச்சித் தட்டு கா."

சளி மேலே வந்தது. மாமி நிற்கிறாரே என்று, சாகிற நேரத்திலும் நான் அதை விழுங்கப் பார்த்தேன். மாமி மகளை ஒரு பக்கம் தள்ளினார். அவருடைய கை என் முதுகில் விழுந்தது.

"துப்புங்க மருமகன்! வெக்கத்தக் கழட்டி அங்கால வைங்க. நெஞ்சு கழண்டு வராது, சளிதான் வரும்!"

வந்தது. நூல் நூலாக, ஒட்டுப் பசைபோல. அதன் பின்னால் ஊசித் துளையளவு மூச்சும் வந்தது. பின்னேரம் அவர் பழையபடி மகளிடமே, "அவரத் தண்ணி குடிக்கச் சொல்லு" என்றார். அதற்குப் பிறகு சாகும்வரை என்னோடு நேரே பேசவில்லை.

முட்டு என்னை விட்டுப் போகவில்லை. இன்றும் காலையில் சுடுநீர் குடித்து, குனிந்திருந்து, இருமி இருமிச் சளியை வெளியே எடுத்த பிறகுதான் எனக்கு விடிகிறது. பல் துலக்குவதுபோல அதுவும் ஒரு வேலை; முடிக்கும்போது ஒரு வயல் உழுத களைப்பு. பகிடி விட்டால் கொஞ்சம் லேசாகும், அதிகம் இல்லை.

எனக்குக் கசம் இருக்கவில்லை. என்னைத் திருப்பி அனுப்ப யாரும் நினைக்கவும் இல்லை. என் முட்டு வருத்தத்தைக் கலியாணம் பேசும்போதே மாமியிடம் என் தாய் சொல்லியிருந்தாராம். தெரிந்துதான் பெண் கொடுத்திருக்கிறார்கள்.