போத்தலில் போட்ட கோடு

சாகக் கிடப்பவர்களை வீட்டுக்கே வந்து காசு வாங்காமல் பார்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது. அம்மாவுக்கு இனி சிகிச்சை இல்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு, தஞ்சோங் கிளிங்கில் எங்கள் வீட்டுக்கு அப்படி வந்தவர்தான் அந்தத் தாதி.

ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. கையில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். சொன்ன நேரத்துக்கு வருகிறாரா என்று பார்க்க, அவர் வந்த நேரத்தையெல்லாம் நாட்காட்டியில் குறித்து வைத்தேன்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வந்ததும் வலி மருந்துப் போத்தலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். மருந்து நிற்கும் இடத்தில் பேனாவால் கோடு போடுவார். நாங்கள் அதை வெளியே விற்கிறோம் என்று நினைக்கிறாரோ என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மூன்றாம் முறை கேட்டேவிட்டேன். "என்ன மிஸ்ஸி, எங்க மேல சந்தேகமா?"

"கோட்டுக்குக் கீழ குறைய வேண்டிய அளவு மருந்து குறையல. யாரு தம்பி கொடுக்கிறா?"

"நான்தான்."

"எவ்வளவு?"

"சொன்னதுல பாதி. முழுசா கொடுத்தா பழகிடும்லா."

அவர் கோபப்படவில்லை. அம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்ப மீதி வலிய அவங்கதான் தாங்கிக்கிட்டு இருந்திருக்காங்க."

முழு அளவையும் அவரே ஊட்டிவிட்டுப் போனார். அன்று மதியம் அம்மா முனகாமல் தூங்கினார்.

நான் நாட்காட்டியைப் பார்த்தேன். தாதி வந்த நேரமெல்லாம் அதில் இருந்தது. அம்மாவுக்கு நான் மருந்து கொடுத்த நேரம் ஒன்றுகூட இல்லை.