பாலத்தடியில் வெங்காயப் பட்டறை

எங்கள் ஊருக்குக் கிழக்கே ஆற்றுப் பள்ளத்துக்கு மேலே நாலுவழிச் சாலைப் பாலம் போகிறது. தூண்கள் தென்னை மர உயரம். கரையோரத் தூண்களுக்கு நடுவே மழை விழாது, காற்று மட்டும் ஓயாது. வெங்காயத்துக்கு வேறென்ன வேண்டும்? அந்த வருடம் நானும், நான் அக்கா என்று கூப்பிடும் என் கணவரின் அண்ணன் மனைவியும் விதை வெங்காயத்தை அங்கேயே பட்டறை போட்டு வைத்தோம். கல் அடுக்கி, சுற்றிலும் குச்சி கட்டிய இரண்டு பட்டறைகள், பக்கம் பக்கமாக.

பத்து நாளில் என் பட்டறையில் வெங்காய மட்டம் இறங்கியது. காய்ந்தால் கொஞ்சம் இறங்கும்தான். இது அந்த இறக்கம் இல்லை. அடுத்த நடவுக்கு என்னிடம் வேறு விதையும் கிடையாது. அங்கே வந்து போகிறவர் அக்கா ஒருவர்தான். அவர் மடி கனமாகத் தெரிந்தது. அன்று அவர் கொடுத்தனுப்பிய குழம்பில் வெங்காயம் தாராளமாகக் கிடந்தது. சாப்பிடவும் மனம் வரவில்லை, கொட்டவும் மனம் வரவில்லை.

முகத்துக்கு நேரே கேட்கிற ஆள் நான் இல்லை. களத்தில் நெல் அம்பாரத்துக்குச் சாணிப்பாலால் குறி வைப்பார்கள். யார் கை பட்டாலும் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். வெங்காயத்துக்கு ஈரம் ஆகாது. அதனால் கோலமாவை எடுத்துப்போய் மேலே ஒரு வளையம் போட்டேன். மறுநாள் வளையம் உடைந்திருந்தது. திரும்பப் போட்டேன், திரும்பவும் உடைந்தது. அக்காவோடு பேச்சைக் குறைத்தேன். அவரும் குறைத்துக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சுதானே குறுகுறுக்கும் என்று நினைத்தேன்.

ஒரு மத்தியானம் அவருடைய பட்டறையை எட்டிப் பார்த்தேன். மேலே காவிப்பொடியில் ஒரு கோடு. அதுவும் உடைந்துதான் கிடந்தது. நிமிர்ந்தால் பின்னால் அக்கா நிற்கிறார்.

அந்த நேரம் பாலத்தில் சிமெண்ட் லாரிகள் வரிசையாகப் போயின. ஒவ்வொன்றுக்கும் தூண் அதிர்ந்தது, காலுக்கடியில் தரையும் அதிர்ந்தது. என் வளையத்திலிருந்து நாலைந்து வெங்காயம் உருண்டு இடுக்கில் இறங்கின. அவர் கோட்டிலும் அப்படியே. இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

“நீதான்னு நெனச்சிட்டேன்டி,” என்றார் அக்கா.

நான் குனிந்து கலைந்த வளையத்தைக் கையால் நிரவினேன்.

“ஒன் கோலம் யாருக்கு?”

“எலிக்குக்கா.”

“ஏன், கோலம் போட்டு அழைச்சாத்தான் எலி வருமா?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

விதை நடவுக்குக் குறையவில்லை. நானும் அவரைத்தான் சந்தேகப்பட்டேன் என்பதை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. அவர் கொடுத்தனுப்பும் குழம்பில் இப்போதும் வெங்காயம் கூடுதலாகவே கிடக்கிறது. அது பாசமா, குத்தலா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.