யோகத்தின் மரத்துக்கு வைத்த பொட்டு

“வாத்தியார், நிக்கிறியளோ? யோகத்தின்ர மரத்துக்கு ஆரோ பொட்டு வைச்சிருக்கினம்!”

சென்ற வெள்ளிக்கிழமை முற்பகல், தொலைபேசியில் கணேசலிங்கத்தின் குரல். அக்குரலில் அத்துணை மகிழ்ச்சியைக் கேட்டு நெடுநாளாயிற்று.

“சிவப்புப் பொட்டு. வட்டமா, வடிவா. வெள்ளிக்கிழமையும் அதுவுமா... ஒருக்கா வந்து பாருங்கோவன்.”

இப்பத்திக்குப் புதியவர்களுக்குக் கணேசலிங்கத்தை அறிமுகம் செய்யவேண்டும். சுவிட்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கு விடுதிச் சமையலறைகளில் உழைத்து ஓய்ந்து, இப்போது கூர் நகரில் எனக்கு அண்டைவீட்டுக்காரராக வாழ்பவர். யோகம் அவர் மனைவி. சில ஆண்டுகளுக்கு முன் நோயுற்று மறைந்தார்.

நம்மவர் பலர் சாம்பலை யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலுக்கு அனுப்புவர். யோகம் அதற்கு உடன்படவில்லை. இந்நாட்டில் காட்டு மரத்தடியில் சாம்பலை அடக்கம் செய்யலாம். மரத்தையும் நாமே தெரிந்தெடுக்கலாம். அதையே அவர் விரும்பினார். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி அவர் இட்ட கட்டளை ஒன்றே ஒன்று.

“இலை கொட்டாத மரமாப் பாத்து எடுங்கோ. செத்தாப்பிறகும் எனக்குக் கூட்டேலாது.”

முதியோர் இல்லமொன்றில் துப்புரவுப் பணி செய்தவர் அவர். இலையுதிர்காலம் வந்தால் வாசலில் இலை கூட்டிக் கூட்டியே முதுகு ஒடிந்தவர். நாங்கள் சிரித்தோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க இயலாமல் சன்னலைப் பார்த்தோம்.

அவ்வாறு தெரிந்தெடுத்தது, நெடிதுயர்ந்த ஓர் ஊசியிலை மரம். நம் மொழியில் அதற்குத் தனிப்பெயரில்லை. பெயரில்லாப் பொருளைக் கண்டால் எனக்குத்தான் இருப்புக்கொள்ளாதே! சில பெயர்களைப் புனைந்து சென்று கட்டிலருகில் சொல்லிப் பார்த்தேன். யோகம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “பச்சை மரம் எண்டு சொல்லுங்கோவன் வாத்தியார். அதுவே காணும்.”

பச்சை மரம் என்பதே பெயராயிற்று.

தொலைபேசியை வைத்ததும் பேருந்தில் ஏறி மலைச்சரிவுக் காட்டுக்குச் சென்றேன். கணேசலிங்கம் மரத்தடியில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றார். கோடை வறண்ட காலந்தொட்டு, வெள்ளிதோறும் ஒரு போத்தல் நீரை வேரடியில் ஊற்றிவருவது அவர் வழக்கம்.

பொட்டு இருந்தது. ஆள் உயரத்தில், நெற்றி இருக்கவேண்டிய இடத்தில். குங்குமம் போலவே சிவப்பு.

“சுமங்கலியாப் போனவவெல்லோ... ஆரோ தெரிஞ்சு வைச்சிருக்கினம்.”

என் கண் அருகிலிருந்த மரத்துக்குச் சென்றுவிட்டது. அதற்கும் ஒரு பொட்டு. அப்பால் நின்றதற்கும்... அதற்கப்பாலும்...

“ஓம் வாத்தியார், எல்லாருக்கும் வைச்சிருக்கினம். சுவிஸ்காரர் எப்ப பொட்டு வைக்கப் பழகினவை?” என்று சிரித்தார். சிரிப்புப் பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்தார். மீண்டும் மரத்தைப் பார்த்தார்.

அவ்வேளையில் மேட்டிலிருந்து அக்காட்டின் பொறுப்பாளர் இறங்கி வந்தார். நடுவயதுப் பெண்மணி. கையில், வெட்டவேண்டிய மரங்களுக்குக் குறியிடும் சிவப்புச் சாயப் புட்டி. எங்களைக் கண்டதும் அதை முதுகுப்புறம் மறைத்துக்கொண்டார். உறவினர்களை இன்று தொலைபேசியில் அழைப்பதாக இருந்தேன், முந்திக்கொண்டீர்கள் என்றார்.

பிறகு முழந்தாளிட்டு, வேரடியில் கிடந்த பழுப்புத் தூளை விரலில் எடுத்துக் காட்டினார்.

“அது கோப்பித்தூள்,” என்றார் கணேசலிங்கம். கலங்கிவிட்டால் அவருக்கு யேர்மன் மொழி வாயில் வராது. நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். “போன கிழமையும் கிடந்தது. பிக்னிக் வந்ததுகள் கொட்டிப்போட்டுப் போட்டுதுகள் எண்டு பேசினனான்.”

“நாங்களும் கோப்பித்தூள் என்றுதான் சொல்வோம்,” என்றார் பெண்மணி. “பட்டைக்குள் வண்டு துளைத்து வெளியே தள்ளிய தூள் இது.”

இம்மரத்துக்கு உள்ள ஒரே படைக்கலம் பிசின் என்று விளக்கினார். துளைக்கும் வண்டைப் பிசினில் மூழ்கடித்துவிடும். பிசின் ஊற நீர் வேண்டும். கோடை அடுத்தடுத்து வறண்டால், ஆழமற்ற வேருடைய மரம் எதைக்கொண்டு போரிடும்?

“நான் தண்ணி ஊத்தினனான். வெள்ளிக்கு வெள்ளி ஊத்தினனான் எண்டு சொல்லுங்கோ.”

சொன்னேன். பெண்மணி அந்தப் போத்தலைப் பார்த்தார்.

“மேல பச்சையாத்தானே நிக்குது?”

பெண்மணி அண்ணாந்து பார்த்தார். தாழ்ந்த குரலில் ஒரு சிறு தொடர் சொன்னார். யேர்மன் மொழியில் இம்மரம் பெண்பால். ஆகவே அவர் சொன்னது இதுதான் — “அவள் ஏற்கெனவே இறந்துவிட்டாள்.”

நம் மொழியில் மரம் அஃறிணை. மரம் இறப்பதில்லை; பட்டுப்போகும். “பட்டுப்போச்சுதாம்,” என்று மெல்ல மொழிபெயர்த்தேன். வேண்டியிருக்கவில்லை. அந்த அளவு யேர்மன் கணேசலிங்கத்துக்கு விளங்கும். அதே செய்தியை, அதே சொற்களில், ஏற்கெனவே ஒருமுறை ஒரு மருத்துவரிடம் கேட்டவர் அவர்.

“வெட்டவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. பட்ட மரமாவே நிக்கட்டும். நான் வந்து பாத்திட்டுப் போறன்.”

பெண்மணி கீழே கையை நீட்டினார். சரிவின் அடியில் ஓட்டுக்கூரைகள், சாலை, ஒரு பள்ளிக்கூடம். உருளும் பாறையையும் சரியும் பனியையும் அவற்றின்மேல் விழாமல் தடுத்து நிற்பது இந்தக் காடுதான். வண்டுகள் வெளியேறிப் பறக்குமுன் இம்மரத்தை அகற்றாவிட்டால், எஞ்சிய பச்சை மரங்களுக்கும் பொட்டு வைக்கவேண்டி வரும்.

காத்தல் என்றால் வெட்டாதிருத்தல் என்றே இவ்வளவு காலமும் எண்ணியிருந்தேன். வெட்டிக் காக்கவேண்டிய நிலைக்குக் காட்டைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் யார்? அந்தப் பெண்மணியல்லர். பேருந்தில் வந்தேன், நடந்து ஏறினேன் என்று நான் தப்பிக்கொள்ளலாம். ஆண்டுதோறும் வானூர்தியில் பறந்ததை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

“சாம்பல் உள்ள மண்ணைத் தொடமாட்டோம்,” என்றார் பெண்மணி. “அருகிலேயே ஒரு கன்று நடுவோம்.”

“அதே பச்சை மரமோ?”

இல்லை என்றார். இனி வரும் வெப்பத்தை அது தாங்காது. கீழ்ப் பள்ளத்தாக்கில் வளரும் கருவாலியை, அதாவது ஓக் மரத்தை, மேலே கொண்டுவருகிறார்கள். கருவாலி... இதற்காவது தமிழ்ப்பெயர் இருக்கிறது என்று ஒரு நொடி மகிழ்ந்த என் நெஞ்சை என்னென்பது?

கணேசலிங்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “சூடு துரத்த மேல ஏறி வருகினமோ? அவைக்கு என்ன வதிவிடப் பெர்மிட்டாம்? எங்களுக்குத் தந்த மாதிரி முதல்ல தற்காலிகமோ?”

மொழிபெயர்த்தேன். பெண்மணி சிரித்துவிட்டார். “நேரே நிரந்தரம் என்று சொல்லுங்கள்.”

கணேசலிங்கமும் சிரித்தார். பிறகு திடுமென ஏதோ நினைவுக்கு வந்தவராய் என் கையைப் பற்றினார்.

“வாத்தியார்... அது இலை கொட்டுமோ எண்டு கேளுங்கோ.”

கேட்டேன். கொட்டும், குளிர்காலத்துக்குமுன் முழுவதும் கொட்டிவிடும் என்றார்.

மரம் போகிறது என்றபோது அழாதவர் அப்போதுதான் அழுதார். “ஒண்டே ஒண்டுதானே கேட்டவ... அதையும் என்னால செய்யேலாமப் போச்சே.”

பெண்மணி திகைத்து என்னைப் பார்த்தார். முதியோர் இல்லத்தையும், வாசலையும், விளக்குமாற்றையும் சொன்னேன். அவர் கணேசலிங்கத்தின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் சொன்னார்.

“காட்டில் யாரும் இலை கூட்டக்கூடாது. விழுந்த இலைதான் மண்ணின் ஈரத்தைக் காக்கும். அதை அப்படியே விட்டுவிட வேண்டும்.”

இம்முறை என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கணேசலிங்கம் கேட்கவில்லை. மரத்தடியில் மெல்லக் குந்தினார். போத்தலில் எஞ்சியிருந்த நீரை வேரடியில் ஊற்றினார். நனைந்த மண்ணில் உள்ளங்கையை வைத்தார்.

“இஞ்சேரும், யோகம்... கூட்டத் தேவையில்லையாம்.”