கருது விடாத பச்சை

கோச்சடையில் இப்போது இருட்டு என்று எதுவும் மிச்சமில்லை. சுவருக்குச் சுவர் வெள்ளை எல்.இ.டி. மொட்டைமாடியில் நின்று பார்த்தால் வானம் கழுவாத பால்பாத்திரம் மாதிரி வெளிறிக் கிடக்கிறது. தெருவில் என் வீட்டு விளக்குக்கு மட்டும்தான் தகரத்தில் ஒரு மூடி. வெளிச்சம் படியில் விழும், படியோடு நின்றுவிடும். “பல்புக்கு எதுக்குக்கா முக்காடு?” என்பாள் பின்வீட்டுக்காரி. பூச்சி வருது என்று சொல்லிவைப்பேன். உண்மையைச் சொல்வதென்றால் ஒரு வயலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வயலின் மேல்தான் அவள் குடியிருக்கிறாள்.

அப்போது எனக்கு ஏழு வயது. தல்லாகுளத்தில் ஆபீஸ் வேலை பார்த்த அப்பா கட்டிய இந்த வீடுதான் இந்தப் பக்கத்தில் முதல் வீடு. சுற்றிலும் நெல். கழிப்பறை, அந்தக் கால வழக்கப்படி, கொல்லையின் கடைசி மூலையில். வரப்பிலிருந்து பாம்பு வரும் என்று அப்பா பின்சுவரில் இருநூறு வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டினார். கொல்லை பகலாகிவிட்டது. மதில் குட்டை, மிச்ச வெளிச்சம் அதைத் தாண்டி வயலுக்குள் இறங்கி விசிறிபோல விரிந்து கிடக்கும்.

பின்வயலைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து சைக்கிளில் வருவார். அவர் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில் நட்டு, அடுத்தவர் வயலில் அறுத்தே காலத்தை ஓட்டியவர்கள். தனக்கென்று அவர் நட்ட முதல் நெல் அந்தச் சம்பா. இந்தப் போகம் நன்றாக விளைந்தால்தான் மறு வருசமும் நிலம் என்று நிலத்துக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். ஐப்பசியில் ஒரு காலை, கேட்டுக்கு வெளியிலேயே செருப்பை விட்டுவிட்டு வந்து நின்றார்.

“சார், ஒங்க வெளிச்சம் ராவெல்லாம் வயலுக்குள்ள விழுகுது. நெல்லுக்கு இருட்டு வேணும் சார். இல்லாட்டிக் கருது விடாது.”

வேலை தேடிக்கொண்டு எங்கள் வீட்டில் தங்கியிருந்த சித்தப்பா, “அப்பத் தாலாட்டும் பாடணுமாண்ணே?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதிகம் சிரித்தது நான்தான்.

சிரித்து முடித்தபிறகு அவர் சைக்கிள் கேரியரிலிருந்து ஒன்றை எடுத்தார். கடலையெண்ணெய் டின்னை வெட்டி வளைத்த மூடி. கையைக் கிழித்துவிடக் கூடாதென்று விளிம்பு முழுக்கத் தட்டி மழுக்கியிருந்தார். புது வீட்டுக்குக் குல்லாயா என்று அப்பா முனகினாலும், அன்றைக்கே ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கம்பியில் கட்டிவிட்டார். வெளிச்சம் பின்வாசலோடு சுருங்கியது.

அன்றிலிருந்து கழிப்பறை வெகுதூரம் போய்விட்டது. நடுவழியில் தவளைகள் சட்டென்று மௌனமாகும். அந்த மௌனத்துக்குள் யாரோ நிற்பார்கள். வெளியே சொன்னால் சித்தப்பாவின் வாயில் விழ வேண்டும். ஆகவே சொல்லவில்லை. படுக்கப்போகும் முன் கடைசியாகக் கொல்லைக்குப் போவது நான்தான். முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியால் அந்த மூடியை ஒரு தள்ளு. கம்பியில் தொங்கிய தகரம் லேசாகத் திரும்பிக்கொள்ளும். நடுவில் எழ நேர்ந்தால் என்ன செய்வது என்று அப்படியே விட்டுவிடுவேன். காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் பழையபடி இழுத்துவைப்பேன். இரண்டு மாதம், ஒரு நாள் தவறாமல். பயிர் தூங்கும் என்பதெல்லாம் பெரியவர்களின் வேடிக்கை என்றுதான் நினைத்திருந்தேன்.

மார்கழிக் கடைசியில் வயல் பழுத்துத் தலைசாய்ந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் சாயவில்லை. விசிறிபோல விரிந்து, ஒரு கதிர்கூட இல்லாமல் விறைப்பாக, பச்சைப்பசேலென்று நின்றது. அவருடையது சின்ன வயல். அதில் பாதி அந்தப் பச்சை. அவர் வரப்பில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். துவைக்கிற கல்லில் ஏறி நின்று நான் கத்தினேன்: “மாமா, எங்க வீட்டுப் பக்கம் மட்டும் எம்புட்டுப் பச்சையா இருக்கு பாத்தீங்களா?”

அவர் வரப்பை விட்டு இறங்கினார். சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மூடியைக் கழற்றிவிட்டீர்களா என்று அப்பாவிடம் கேட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத அப்பாவுக்குச் சுருக்கென்றது. கொல்லைக்கு அழைத்துப்போய்க் காட்டினார். தகரம் நேராகத் தொங்கியது. அப்பா என் தலையில் கையை வைத்தார்.

“இந்தப் பிள்ளை மேல சத்தியம். கட்டுனதோட சரி, நான் அதத் தொடல.”

கை கனமாக இருந்தது. வயல்காரர் தகரத்தைப் பார்த்தார். புதுச் சுண்ணாம்பில் தொரட்டி கீறிய கோடுகளைப் பார்த்தார். சுவரில் சாய்ந்திருந்த தொரட்டியைப் பார்த்தார். பிறகு, அப்பாவின் கைக்கடியில் என்னை.

“எம்மேலதான் தப்பு சார். வெதை சரியில்ல போல,” என்றார்.

அப்பா உடனே தணிந்து, அம்மாவைக் காப்பி போடச் சொன்னார். அவர் நிற்கவில்லை. பழுத்ததைத் தையில் அறுத்தார். பச்சையை யாரோ மாட்டுக்கு அறுத்துக்கொண்டு போனார்கள். மாடுகளுக்கு நல்ல விருந்து என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த வருசம் அந்த வயலில் நாற்று நடவில்லை, பிளாட் கல் நட்டார்கள். அவரைப் பிறகு பார்க்கவில்லை.

அப்பா சத்தியம் செய்த அன்றைக்கு, கேட்டுக்கு வெளியே செருப்பை மாட்டிக்கொண்டு, சைக்கிளை எடுக்கும் முன் என்னிடம் குனிந்தார். “இருட்டுன்னா பயமா, தாயி?”

இல்லையென்று தலையாட்டினேன்.

நெல்லைப் பற்றிப் பேச வந்த மனிதர் இதை எதற்கு என்னிடம் கேட்கிறார் என்று யோசித்துக்கொண்டே, சைக்கிள் ஆற்றுப் பக்கம் திரும்பி மறையும்வரை நின்றிருந்தேன்.