ரிஜெக்ட் பையில் வளர்ந்த கீரை

பூண்டைத் தட்டிப் போட்டு முளைக்கீரை வேகும் வாசனை இருக்கிறதே, அது தாராவியில் எங்கள் சந்தின் தோல் பட்டறை நாற்றத்தையும் தாண்டி வந்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் என்னை வாசலிலேயே பிடித்துக்கொள்ளும். எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம். எனக்கு ஒன்பது வயது, உம்மாவுக்கு ஐந்தாம் மாதம். எனக்குப் பிறகு இரண்டு கலைந்துபோயிருந்தன. "உடம்புல ரத்தமே இல்ல, தெனமும் கீரை திங்கணும், இல்லன்னா இதுவும் தங்காது" என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டதால், எங்கள் வீட்டில் கீரை மருந்தாகிவிட்டிருந்தது.

அந்த மருந்தைத் தினமும் கூடையில் சுமந்து வந்தவள் பேச்சியக்கா. எங்களைப் போலவே திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. உம்மாவுக்கென்று நல்ல கட்டாகப் பொறுக்கி எடுத்து, "இது வயித்துப் பிள்ளைக்கு" என்று மேலே ஒரு கைப்பிடி வைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாப்பாவோடு செம்பூருக்கு, அவருடைய அக்காவான மாமி வீட்டுக்குப் போனேன். சயானில் ஏறி, குர்லாவில் வண்டி மாறிக் கொஞ்ச தூரம் போனதும் சிக்னலுக்காக நின்றது. ஜன்னலுக்கு வெளியே, தண்டவாளத்தை ஒட்டிப் பாத்தி பாத்தியாகப் பச்சைப்பசேலென்று கீரை! பம்பாயில் அவ்வளவு பச்சையை நான் பார்த்ததே இல்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது அப்புறம்தான் கண்ணில் பட்டது. கறுத்து நுரைத்து ஓடும் சாக்கடையிலிருந்து ஓர் ஆள் டின்னில் மொண்டு பாத்திக்கு ஊற்றிக்கொண்டிருந்தான். அதே சாக்கடையின் ஓரத்தில் இன்னொருவன் டப்பாவோடு வெளிக்குக் குந்தியிருந்தான். இருவருக்கும் நடுவே, கட்டுக் கட்டாகக் கீரையை அந்தத் தண்ணீரில் முக்கி அலசிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். யா அல்லா! பேச்சியக்கா!

அவளோ என்னை அடையாளம் கண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, சொட்டச் சொட்ட நனைந்த கட்டைத் தூக்கி எனக்குக் கையசைத்தாள். நான் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது உம்மா கீரையும் சோறுமாகப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று பொறுக்க எனக்குத் தெரியவில்லை. பார்த்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன், கையசைத்ததை மட்டும் விட்டுவிட்டு. உம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஓடியவள் குடலே வெளியே வந்துவிடுவதுபோல் வாந்தி எடுத்தாள். அன்றிலிருந்து கீரை என்ற பேச்சுக்கே இடமில்லை. அடுத்த முறை போனபோது டாக்டரம்மா கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "புள்ளைய வேணாம்னு முடிவு பண்ணிட்டியா?" என்று கத்தினார்.

வாந்தி எடுத்த மறுநாளே பேச்சியக்காவை உம்மா வாசலில் மறித்தாள். "ஏங்க்கா, உள்ள ஒரு புள்ள கெடக்குன்னு தெரிஞ்சும் சாக்கடையில முக்குனதையா குடுத்திய?"

பேச்சியக்கா கூடையை இறக்கவே இல்லை. "வளக்கது நான் இல்ல தாயி, வாங்கி விக்கேன். எங்க வீட்டுலயும் அதத்தான் திங்கோம். மாசமா இருக்க எம் மவளுக்கும் அதத்தான் ஆக்கிப் போடுதேன்."

உள்ளிருந்து வாப்பா, "இனிமே மாட்டுங்கா மார்க்கெட்ல வாங்கிக்கிடுதோம்" என்றார். "அங்க போறதும் எங்க கட்டுதான் பாய். தண்ணி தெளிச்சு அடுக்கி வச்சா ஆபீசர் வீட்டுக் கீரை ஆயிரும்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்துவிட்டாள்.

வரமாட்டாள் என்றுதான் நினைத்தோம். ஆனால் அடுத்த நாளே வந்தாள். கூடையிலிருந்து துணி முடிச்சு ஒன்றை எடுத்து உம்மா கையில் வைத்தாள். அவிழ்த்தால் கடுகிலும் பொடிசாகக் கறுப்பு விதை. "வெத என்ன பாவம் செஞ்சுது? நல்ல தண்ணி ஊத்தி நீயே வளத்துக்க" என்றவள், என்னைப் பார்த்து அதே சிரிப்பைச் சிரித்தாள். நான் உம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

விதை வந்துவிட்டது, மண்ணுக்கு எங்கே போவது? வாசலில் கல்லைப் பெயர்த்துத் தோண்டினால் தோல் துண்டும் ஆட்டு ரோமமும்தான் வந்தன. வாப்பா பை தைக்கிற கார்கானாவில் வேலை செய்தார்; தையல் கோணிப்போன "ரிஜெக்ட்" பைகள் நாலு எங்கள் பரணில் கிடந்தன. சீமாட்டிகள் தோளில் மாட்டும் அந்தப் பைகளில் மாமி வீட்டுக் காலனி மண்ணை நிரப்பி, இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு, "மண்ணு சொமக்கவா பம்பாய்க்கு வந்தேன்" என்று புலம்பியபடியே ரயிலில் வந்து சேர்ந்தார் மனுஷன். பைகள் "பத்ரா" எனப்பட்ட எங்கள் தகரக் கூரைமேல் ஏறின. குழாய்த் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் சந்தே சண்டைக்கு வரும். அதனால் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளுத் தண்ணீரையெல்லாம் உம்மா தாம்பாளம் வைத்துப் பிடித்தாள். அரிசி களைந்த தண்ணீரும் அதோடு சேர்ந்தது. ஒரு மாதத்துக்குள் முதல் கீரையைக் கிள்ளி ஆக்கி, ஒரு வாய் தின்றுவிட்டு உம்மா அழுதாள்.

தம்பி முழுசாகப் பிறந்தான். பார்க்க வந்தவர்களெல்லாம் அவனைவிடக் கூரையைத்தான் அதிகம் பார்த்தார்கள். எங்கள் சந்தில் ரிஜெக்ட் பை இல்லாத வீடு ஏது? உம்மாவும் கேட்டவர்களுக்கெல்லாம் விதையை அள்ளிக் கொடுத்தாள். மழை ஓய்ந்தபோது கூரைக்குக் கூரை கீரை. பேச்சியக்காவின் கூடை காலியாகாமலே திரும்பிப் போயிற்று. பிறகு ஒருநாள் அவள் வரவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவள் மகளுக்குப் பிள்ளை தங்கியதா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை!

அந்தச் சந்து இப்போது பதினான்கு மாடிக் கட்டடம். கூரையும் இல்லை, பைகளும் இல்லை. தம்பிக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, கீரையைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிறான். போன வாரம் பேச்சுவாக்கில் உம்மா, "அந்தப் பேச்சியக்கா என்ன ஆனாளோ" என்றாள். மறுநாள் செம்பூர் போகும்போது குர்லா தாண்டியதும் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பாத்திகள் இருந்த இடத்தில் நீளமாக ஒரு சிமென்ட் சுவர். அன்றைக்கு நான் அவளுக்குத் திருப்பிக் கையசைத்திருக்கலாம்.