மாத்திரையை வீசச் சொன்னவர்கள்

எண்பத்து மூன்றாம் வருஷத்துத் தவக்காலம். சேலத்தில் காலை ஆறரை மணிக்குத் தர்மபுரி பஸ் ஏறினேன். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் வண்டி ஊர்ந்தது. பக்கத்து சீட்காரர் ஏதோ பேச்சுக் கொடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா மகள் பிலோமினா வலிப்பு வந்து அடுப்பில் விழுந்து கையைச் சுட்டுக்கொண்டாள் என்று அக்காவின் ஊரான ஏரியூரிலிருந்து ஒருவர் முந்தின நாள் வந்து சொல்லியிருந்தார். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. தினமும் மாத்திரை சாப்பிட்டு வந்ததில் சில வருஷமாக அது எட்டிப் பார்க்கவில்லை. இந்த நேரத்தில்தான் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் பென்னாகரம் பக்கம் வந்து ஜெபக்கூட்டம் போட்டிருக்கிறார். "தேவனை நம்புகிறவனுக்கு மாத்திரை எதற்கு?" என்று மைக்கில் கேட்டாராம். இவள் மேடையேறி மாத்திரைகளைக் கொட்டிவிட்டு வந்தாளாம். கூட்டமே கைதட்டியதாம். கை தட்டியவர்களில் ஒருவராவது மறுநாள் அவள் எப்படி இருக்கிறாள் என்று வந்து பார்த்திருப்பாரா?

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் சுமார் முப்பது கிலோமீட்டர். அங்கிருந்து ஏரியூருக்கு வேறு பஸ். வழியெல்லாம் ராகிக் கொல்லைகள் காய்ந்து கிடந்தன. புளியமரத்தடிகளில் மட்டும் பெண்கள் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா பஸ் நிற்கும் இடத்துக்கே வந்திருந்தாள்.

"அவுங்கள ஒண்ணும் சொல்லாத தம்பி. சாமி பேரச் சொல்லித்தான செஞ்சாங்க."

"சாமி பேரச் சொன்னா நெருப்பு சுடாதாக்கா?" என்றேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டில் பிலோமினா கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயது. தையல் தைப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பாள். அந்தக் கூட்டத்து ஆள் ஒருவர் வந்து, "உனக்கு விசுவாசம் பத்தல, அதான் திரும்ப வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஊருக்குள் பேய் என்ற பேச்சும் கிளம்பி, பிள்ளைகளை அவளிடம் அனுப்புவதைத் தாய்மார்கள் நிறுத்திவிட்டார்களாம்.

மறுநாள் காலை மூவரும் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பென்னாகரம் தாண்டியதும் அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. கண்டக்டர் விசிலடித்து வண்டியை நிறுத்தினார்.

"எறங்கிடுங்க. மத்த ஜனமெல்லாம் பயப்படுதில்ல?"

"இந்த வெயில்ல புள்ளய எங்க எறக்கறது?" என்று கத்தினேன். தக்காளிக் கூடையோடு வந்த ஒரு அம்மா கூடையைத் தள்ளிவிட்டுக் கீழே உட்கார்ந்து, பிலோமினாவின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நெற்றியில் திருநீறு வைத்திருந்தவர்.

"யோவ், வண்டிய எடுய்யா. உம்பொண்ணா இருந்தா எறக்குவியா?"

வண்டி கிளம்பியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைவிடக் கோபமாக இருந்தார். மாத்திரையை இப்படிச் சட்டென்று நிறுத்தினால் உயிரே போய்விடும் என்று அக்காவைத் திட்டினார். புது மாத்திரையோடு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அந்தப் பிரசங்கியாரைத் தேடிப் போய் நாலு பேர் முன்னால் கேட்கப்போகிறேன் என்று பொரிந்து தள்ளினேன்.

பிலோமினா சொன்னாள்: "கேளுங்க மாமா. கேக்க வேண்டியதுதான். ஆனா ஒண்ணு சொல்றனுங்க. மேடையேறுனப்ப நான் சாமிய நம்பிப் போகலீங்க. அன்னிக்கே எல்லாம் முடிஞ்சுபோவணும், எல்லாரும் என்னயப் பாக்கணும்னு போனனுங்க. இப்ப தெனம் ராத்திரி சிலுவ போட்டுட்டு ஒரு மாத்திர முழுங்கணும். நாளைக்கும் முழுங்கணும். சாவுற வரைக்கும்கூட இருக்கலாம். இதுக்குத்தானுங்க நெறைய நம்பிக்க வேணும்."

சேலத்துக்கு வந்து எங்களோடு கொஞ்ச நாள் இரு என்றேன். மாட்டேன் என்றாள்.

"ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவணுங்க."

"புள்ளைங்க வராதே."

"வந்தா வரட்டுமுங்க. நான் போயி உக்காருவன்."

அவர்களைப் பென்னாகரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் சேலம் திரும்பினேன். அந்த ஞாயிறு எங்கள் கோயிலில் பிரசங்கம் நம்பிக்கையைப் பற்றித்தான். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். அதே நேரத்தில் ஏரியூர்ப் பக்கம் ஒரு பெண் வெறும் பாய்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்பில் என்னால் உட்காரவே முடியவில்லை.

பிரசங்கியாரை என்னால் பார்க்கவே முடியவில்லை. அதற்குள் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். அங்கே யார் மாத்திரையைக் கொட்டினார்களோ?

கிறிஸ்துமஸுக்கு அக்கா வந்தபோது சொன்னாள். பிலோமினாவுக்கு வலிப்பு நின்றுவிட்டது. முதல் ஞாயிறு ஒரு பிள்ளைகூட வரவில்லையாம். இவள் தனியாக உட்கார்ந்து செபங்களைச் சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தாளாம். இப்போது பாதிப் பிள்ளைகள் வருகிறார்கள். அனுப்பாத தாய்மார்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம்தான். பிலோமினா அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் பாய் விரிக்கிறாளாம்.